முகங்களில் எழுதிய வரலாறு: ஆகஸ்ட் சாண்டரின் நிழற்படப் பணி

ஒரு காலத்தின் வரலாற்றை ஆணைகளைக் கொண்டும் போர்களைக் கொண்டும் எழுதுவது மரபு. அக்காலத்தில் வாழ்ந்த மக்களின் முகங்களைக் கொண்டே அதனை எழுதிவிட முடியும் என்று நம்பியவர் ஜெர்மானிய நிழற்படக் கலைஞர் ஆகஸ்ட் சாண்டர் (1876 - 1964). எந்த அரசும் அவரை இப்பணிக்கு ஏவவில்லை. எந்த நிறுவனமும் ஊதியம் தரவில்லை. தம் நிலையத்திற்கு வந்தவர்களையும் வழியில் கண்ட அயலார்களையும் ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் படம்பிடித்து, "இருபதாம் நூற்றாண்டின் மாந்தர்" என்னும் பெருந்தொகுப்பை அவர் உருவாக்க முனைந்தார். உயிரோடு இருந்தவரை அத்தொகுப்பு நிறைவு பெறவில்லை. எனினும், தனிமனிதர் ஒருவர் தம் சொந்த முயற்சியால் மேற்கொண்ட நிழற்படப் பணிகளுள் அதற்கு ஈடானவை மிகச் சிலவே.

சுரங்க ஊரிலிருந்து

சாண்டர் 1876 நவம்பர் 17ஆம் நாள் ஹெர்டோர்ஃப் என்னும் சுரங்க ஊரில் பிறந்தார். தந்தை தச்சர். சிறுவனாக இருந்தபோதே சாண்டர் சுரங்கத்தில் வேலைக்குச் சேர்ந்தார். சுரங்கத்தைப் படமெடுக்க வந்த ஒரு கலைஞருக்கு வழிகாட்டச் சென்றபோது, படப்பெட்டியின் கண்ணாடி வழியே தாம் நாளும் கண்ட நிலத்தைப் புதிதாகக் கண்டார். சிறிய தகப்பனார் முறையினர் ஒருவர் தந்த பொருளுதவியால் கருவிகள் வாங்கிப் பயிலத் தொடங்கினார். 1901 முதல் ஆஸ்திரியாவின் லின்ஸ் நகரில் நிழற்பட நிலையமொன்றில் பணியாற்றிப் பின் அதன் உரிமையாளரானார். 1910ஆம் ஆண்டளவில் ஜெர்மனிக்குத் திரும்பிக் கொலோன் நகரில் சொந்த நிலையம் தொடங்கினார்.

நகரத்தில் வாடிக்கையாளர் போதிய அளவில் இல்லை. ஆகவே மிதிவண்டியில் படக்கருவியை ஏற்றிக்கொண்டு தம் பிறந்த ஊர்ப்பக்கமான வெஸ்டர்வால்ட் மலைப்பகுதிக்குச் சென்று உழவர் குடும்பங்களைப் படம்பிடித்து வரலானார். பிழைப்பிற்காகத் தொடங்கிய அப்பயணமே பெரும்பணியின் தோற்றுவாயாயிற்று. 1914இல் எடுத்த "இளம் உழவர்கள்" என்னும் படம் அக்காலத்தது. கறுப்பு உடையும் தொப்பியும் கைத்தடியுமாக மூன்று இளைஞர்கள் ஒரு மண்பாதையில் நின்று திரும்பிப் பார்க்கின்றனர். ஊர் நடன விழாவுக்குப் போகும் வழி அது. அதே ஆண்டில் முதல் உலகப்போர் மூண்டது. மூவருள் ஒருவர் அப்போரில் மடிந்தார். உழவர் என்னும் தலைப்பின் கீழ் நிற்கும் அவர்கள் உண்மையில் சுரங்கத் தொழிலைச் சார்ந்தவர்கள் என்பதைப் பிற்கால ஆய்வு காட்டியுள்ளது. வகைப்பெயர் மனிதனை முழுதும் தழுவுவதில்லை என்பதற்கு, தொகுப்பின் மிகப் புகழ்பெற்ற படமே சான்றாகிவிட்டது.

ஏழு தொகுதிகள்

1920களில் கொலோன் நகரின் முற்போக்கு ஓவியர்களான ஃப்ரான்ஸ் வில்ஹெல்ம் ஸைவெர்ட், ஹைன்ரிக் ஹோர்லெ முதலியோருடன் ஏற்பட்ட தொடர்பு சாண்டரின் எண்ணத்திற்கு வடிவம் தந்தது. உழவர், கைவினைஞர், பெண், வகுப்புகளும் தொழில்களும், கலைஞர், பெருநகர், இறுதி மாந்தர் என ஏழு தொகுதிகளை அவர் வகுத்தார். மண்ணில் தொடங்கி நகரத்தின் உச்சிக்கு ஏறி, பார்வையற்றோர், நோயுற்றோர், இறந்தோர் என இறங்கி முடிவது அவ்வரிசை. ஏழனுள் பெண்ணுக்கு ஒன்று தனியே ஒதுக்கப்பட்டது ஒரு குறையையும் காட்டுகிறது. ஆண்கள் பெரும்பாலும் தொழிலால் அறியப்பட, பெண்களுள் பலர் மனைவி, தாய் என்னும் உறவால் அறியப்படுகின்றனர். வகுத்தவரும் தம் காலத்தின் பிள்ளையே.

படமெடுத்த முறையும் குறிப்பிடத்தக்கது. இலேசான கைக்கருவிகள் பெருகிவந்த காலத்தில் சாண்டர் பெரிய முக்காலிக் கருவியையும் கண்ணாடித் தகடுகளையுமே நம்பினார். ஒளிபடும் நேரம் நீண்டது. எனவே படத்திற்குரியவர் அசையாமல் நிற்க வேண்டும். அறியாமற் பிடித்த படம் அவருடைய தொகுப்பில் இல்லையென்றே சொல்லலாம். எதிரில் நிற்பவர் தாம் பார்க்கப்படுவதை அறிவார். தம்மை எவ்வாறு காட்ட வேண்டும் என்பதைத் தாமே முடிவு செய்வார். அயலானிடமிருந்து ஒன்றைக் கவர்ந்துகொள்வதற்கும் அவன் தருவதைப் பெற்றுக்கொள்வதற்கும் உள்ள வேறுபாடு இங்கே விளங்குகிறது. பழைய நிலையங்களில் வழங்கிய மெருகேற்றும் பழக்கத்தையும் அவர் கைவிட்டார். சுருக்கமும் தழும்பும் கறைபடிந்த நகமும் உள்ளவாறே நின்றன.

1928இல் எடுத்த இரு படங்கள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஒன்றில் பருத்த உடலினரான இனிப்புப் பண்டம் செய்பவர் வெள்ளை மேலங்கியுடன் பாத்திரத்தைப் பற்றி நிற்கிறார். மற்றொன்றில் கட்டட வேலையாள் ஒருவர் தோள்மேல் செங்கற்களைச் சுமந்து நேரே பார்க்கிறார். இருவர் முகத்திலும் குழைவு இல்லை. இரங்கத்தக்க பாவனையும் இல்லை. தொழிலதிபரும் சட்டமன்ற உறுப்பினரும் எவ்வளவு தொலைவில் நிறுத்தப்பட்டனரோ அவ்வளவு தொலைவிலேயே இவர்களும் நிறுத்தப்பட்டனர்.

பெயர் சுட்டா மரபு

சாண்டரின் படங்களுக்குக் கீழே பெரும்பாலும் பெயர்கள் இல்லை. தொழிலோ நிலையோ மட்டுமே உண்டு. தமிழ்க் கவிஞர்க்கு இது புதிதன்று. அகத்திணையில் தலைமக்களின் இயற்பெயரைச் சுட்டலாகாது என்பது தொல்காப்பியம் வகுத்த நெறி. தலைவன், தலைவி, தோழி, செவிலி என்றே அவர்கள் நம்முன் வருகின்றனர். பெயர் நீங்கியதால் உணர்வு ஒருவர்க்கு மட்டும் உரியதாகாமல் அனைவர்க்கும் பொதுவாகிறது. சாண்டரின் கொல்லரும் ஆசிரியரும் அவ்வாறே ஒருவராகவும் பலராகவும் நிற்கின்றனர்.

ஆயினும், பெயர் நீக்கி மனிதரை வகைப்படுத்துவதில் வேறொரு வரலாறும் உண்டு. அதனையும் நம் நாடு நன்கறியும். 1868 முதல் 1875 வரை ஆங்கிலேய அரசின் ஆதரவில் "இந்திய மக்கள்" என்னும் நிழற்படத் தொகுப்பு எட்டுத் தொகுதிகளாக வெளிவந்தது. ஆளப்படுவோரைச் சாதி, குலம் என்று அட்டவணைப்படுத்துவது அதன் நோக்கங்களுள் ஒன்று. சென்னை அருங்காட்சியகக் கண்காணிப்பாளராக விளங்கிய எட்கர் தர்ஸ்டன், மக்களின் தலையையும் மூக்கையும் அளவெடுத்தவர். கா. ரங்காச்சாரியின் துணையுடன் 1909இல் ஏழு தொகுதிகளாக அவர் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் பற்றிய நூலிலும் நிழற்படங்கள் உண்டு. அங்கே வகுப்பவர் தாம் வகுக்கும் அட்டவணைக்கு வெளியே நின்றார். சாண்டரோ தம்மையும், தம் மனைவி மக்களையும், தம் நண்பர்களையும் அதே தொகுப்பில் வைத்தார். வேறுபாடு இதுவே.

நூலும் அழிவும்

1927இல் கொலோனில் தம் படங்களைக் காட்சிக்கு வைத்த சாண்டர், 1929இல் 60 படங்களைத் தேர்ந்து "காலத்தின் முகம்" என்னும் நூலாக வெளியிட்டார். நாவலாசிரியர் ஆல்ஃபிரட் டோப்ளின் அதற்கு முன்னுரை வழங்கினார். சொற்களின்றி எழுதப்பட்ட சமூகவியலாக அவர் அதனைக் கண்டார். 1931இல் வால்ட்டர் பெஞ்சமின், நிழற்பட வரலாறு பற்றிய தம் கட்டுரையில், ஆட்சி மாறும் காலத்தில் பிறர் முகத்தைப் படிக்கும் பயிற்சி எல்லோருக்கும் இன்றியமையாததாகும் என்றும் அதற்கு இந்நூல் உதவும் என்றும் கருத்துரைத்தார்.

இரண்டே ஆண்டுகளில் ஆட்சி மாறியது. 1933இல் அதிகாரத்திற்கு வந்த நாஜிகளும் முகங்களை வகைப்படுத்தினர். ஆனால் ஒரே ஓர் இன முகத்தை உயர்த்தவும் ஏனையவற்றை ஒழிக்கவும் அவ்வாறு செய்தனர். உழவரையும் நாடோடியையும், பொதுவுடைமையாளரையும் செல்வரையும் ஒருங்கே வைத்த நூல் அவர்களுக்கு உவப்பாக இருக்க முடியாது. 1936இல் "காலத்தின் முகம்" நூலின் அச்சுத் தகடுகள் அழிக்கப்பட்டன. எஞ்சிய படிகள் பறிமுதல் செய்யப்பட்டன. அதற்கு முன்பே, 1934இல், இடதுசாரிக் கட்சியொன்றில் செயற்பட்ட மூத்த மகன் எரிக் கைதாகிப் பத்தாண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். தண்டனை முடியும் தறுவாயில், 1944இல், உரிய மருத்துவம் கிட்டாமல் சிறையிலேயே மாண்டார்.

இக்காலத்தில் சாண்டரின் நிலையத்திற்கு இருவகையினர் வந்தனர். சீருடை அணிந்த நாஜிகள் தம் படத்துக்காக வந்தனர். 1938ஆம் ஆண்டையொட்டி, நாட்டைவிட்டு வெளியேறவும் அடையாளச் சான்றுக்காகவும் படம் வேண்டிய கொலோன் நகர யூதர்கள் வந்தனர். இரு சாராரையும் அதே கருவி, அதே அமைதியோடு பதிந்தது. போருக்குப்பின் சாண்டர் தம் தொகுப்பில் "நாஜிகள்", "துன்புறுத்தப்பட்டோர்", "அரசியல் கைதிகள்" என்னும் பிரிவுகளைச் சேர்த்தார். கைதிகள் பிரிவில் சிறைக்குள்ளிருந்து எரிக் எடுத்த படங்கள் இடம்பெற்றன. எரிக்கின் இறந்த முகத்தின் வார்ப்பைப் படமெடுத்துத் தொகுப்பில் வைத்தவரும் தந்தையே. அயலார் முகங்களைத் தேடிச் சென்றவரின் தொகுப்பு இவ்வாறு தம் மகன் முகத்தில் வந்து நின்றது.

போரின்போது 10,000 அளவிலான எதிர்ப்படத் தகடுகளை வெஸ்டர்வால்டின் குக்ஹௌசன் சிற்றூருக்கு அவர் கொண்டு சேர்த்தார். கொலோன் நிலையம் 1944இல் குண்டுவீச்சில் அழிந்தது. நிலவறையில் தப்பியிருந்த ஏறத்தாழ 30,000 தகடுகள் 1946இல் தீக்கிரையாயின. எனினும் அவர் பணியை விடவில்லை. குக்ஹௌசனில் இருந்தவாறே எஞ்சியவற்றை மீண்டும் வரிசைப்படுத்தினார். 1955இல் எட்வர்ட் ஸ்டைகன் நியூயார்க்கில் அமைத்த "மனிதக் குடும்பம்" கண்காட்சியில் அவர் படங்களும் இடம்பெற்றன. 1964 ஏப்ரல் 20ஆம் நாள் கொலோனில் காலமானார். மகன் குந்தர் 431 படங்களோடு 1980இல் தொகுப்பை வெளியிட்டார். 2002இல் 619 படங்கள் கொண்ட ஏழு தொகுதிகள் வெளிவந்தன.

பெயர் திரும்புதல்

2018இல் பாரிசிலுள்ள யூதப் பேரழிவு நினைவகத்தில் சாண்டரின் துன்புறுத்தப்பட்டோர் படங்களும் துன்புறுத்தியோர் படங்களும் அருகருகே வைக்கப்பட்டன. பெயரின்றி நின்ற யூதர் பலரின் பெயரையும் அவர்கள் அடைந்த முடிவையும் ஆய்வாளர்கள் தேடிக் கண்டனர். சிலர் தப்பிச் சென்றிருந்தனர். சிலர் முகாம்களில் கொல்லப்பட்டிருந்தனர்.

அகத்தில் பெயர் சுட்டாமை நெறி. புறத்தில் பெயர் சுட்டுதல் தகும். போரில் மாய்ந்தவனுக்கு நடுகல் நாட்டி, அவன் பெயரையும் பெருமையையும் பொறித்தவர் நம் முன்னோர். மனிதரின் பொதுமையைப் பாடும்போது பெயர் மறையலாம். கொடுமையால் ஒருவர் அழிக்கப்பட்டபின் பெயரை மறைப்பது அக்கொடுமைக்கே துணைபோவதாகும். சாண்டரின் தகடுகள் முகத்தைக் காத்து வைத்திருந்தமையாற்றான் பெயரைத் தேட முடிந்தது. அறியாத ஒருவர் முன் நின்று, அவர் இசைவு பெற்று, அவர் நிற்கும் நிலையை மாற்றாமல் பதிந்து வைக்கும் பணி எவ்வளவு நெடுங்காலம் பயன்தரும் என்பதற்கு இத்தொகுப்பு சான்று. படக்கருவியைக் கையாள்வோர்க்கே அன்றிச் சொல்லைக் கையாள்வோர்க்கும் அது பொருந்தும்.