செயல்திறன் கார்களுக்கு ‘கோல்ட் ஏர் இன்டேக்’: செலவுக்கு ஏற்ற பலன் உண்டா?

புது தில்லி: அதிவேகச் செயல்திறன் கார்களை வாங்குவோர் முதலில் செய்ய விரும்பும் மாற்றங்களுள் ஒன்று, ‘கோல்ட் ஏர் இன்டேக்’ எனப்படும் குளிர்காற்று உள்ளிழுப்புக் குழாய்த் தொகுப்பைப் பொருத்துவதாகும். தொழிற்சாலையில் பொருத்தப்பட்ட காற்று வடிகட்டிப் பெட்டியை அகற்றிவிட்டு, அகலமான குழாயையும் கூம்பு வடிவ வடிகட்டியையும் பொருத்துவதே இதன் அடிப்படை. இவற்றின் விலை பல ஆயிரம் ரூபாயில் தொடங்குகிறது. உயர்ரக ஜெர்மானிய கார்களுக்கான கார்பன் ஃபைபர் தொகுப்புகள் ஒரு லட்சம் ரூபாயையும் தாண்டும். இந்தச் செலவுக்கு ஈடான திறன் கிடைக்கிறதா என்பதையும், இந்தியச் சாலைகளிலும் சட்டத்திலும் இதற்குள்ள இடர்களையும் அறிந்துகொள்வது அவசியம்.

குளிர்ந்த காற்றால் திறன் கூடுவது எப்படி?

பெட்ரோல் எஞ்சினில் ஒரு கிராம் எரிபொருள் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிராம் காற்று தேவை. 2.0 லிட்டர் கொள்ளளவு கொண்ட நான்கு வீச்சு எஞ்சின், நிமிடத்துக்கு 6,000 சுழற்சி வேகத்தில் ஏறத்தாழ 6,000 லிட்டர் காற்றை உள்ளிழுக்கும். காற்று குளிர்ந்திருந்தால் அதே கன அளவில் அதிக ஆக்சிஜன் அடங்கும். சாதாரண வெப்பநிலையில் ஒவ்வொரு 3 டிகிரி செல்சியஸ் குறைவுக்கும் காற்றின் அடர்த்தி சுமார் ஒரு விழுக்காடு உயர்கிறது. இயற்பியல் அளவில் இந்தக் கோட்பாட்டில் பிழை ஏதும் இல்லை.

ஆனால் இன்றைய கார்களில் பெரும்பாலானவை ஏற்கெனவே குளிர்காற்றையே பெறுகின்றன. ரேடியேட்டருக்கு மேலே, முன்புறக் கிரில்லுக்குப் பின்னால் அல்லது சக்கர வளைவின் அருகே உள்ள திறப்பு வழியாக வெளிக்காற்று மூடிய பெட்டிக்குள் செல்லும் வகையில் தயாரிப்பாளர்கள் வடிவமைக்கின்றனர். கார் ஓடும்போது உள்ளே செல்லும் காற்று, வெளிக்காற்றை விடச் சில டிகிரி மட்டுமே அதிக வெப்பமாக இருக்கும். புதிய குழாயால் அது 5 டிகிரி குறைந்ததாகக் கொண்டாலும், டர்போ இல்லாத 150 குதிரைத்திறன் எஞ்சினில் கிடைக்கக்கூடிய கூடுதல் திறன் 2 முதல் 3 குதிரைத்திறன் அளவே.

ஒப்பீட்டுக்கு, கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் உள்ள பெங்களூருவில் காற்றின் அடர்த்தி கடற்கரை நகரங்களைவிட ஏறத்தாழ 8 விழுக்காடு குறைவு. அதாவது, ஊர் மாறுவதால் ஏற்படும் வேறுபாடே குழாய் மாற்றத்தால் கிடைக்கும் பலனைவிடப் பெரிது.

டர்போ எஞ்சின்களில் பலன் மேலும் சுருங்குகிறது

இந்தியாவில் ஆர்வலர்கள் விரும்பும் ஹூண்டாய் ஐ20 என் லைன், ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ், ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜிடிஐ, பிஎம்டபிள்யூ எம்340ஐ ஆகிய அனைத்தும் டர்போசார்ஜர் கொண்டவை. டர்போசார்ஜர் காற்றை அழுத்தும்போது அதன் வெப்பநிலை 100 டிகிரி செல்சியஸைத் தாண்டிச் செல்லும். பின்னர் இன்டர்கூலர் அதைக் குளிர்விக்கிறது. எஞ்சினுக்குள் நுழையும் காற்றின் வெப்பநிலையைத் தீர்மானிப்பதில் இன்டர்கூலருக்கே முதன்மைப் பங்கு. எனவே டர்போவுக்கு முன்னால் கிடைக்கும் ஓரிரு டிகிரி ஆதாயம் இறுதியில் பெரும்பாலும் கரைந்துவிடுகிறது.

மேலும், டர்போ அழுத்தத்தை எஞ்சின் கட்டுப்பாட்டுக் கணினியான ஈசியூ ஒரு குறிப்பிட்ட இலக்கில் நிறுத்துகிறது. காற்றுத் தடை குறைந்தால் டர்போவின் உழைப்பு சற்றுக் குறையும். அழுத்தம் விரைவாக எழக்கூடும். ஆனால் மென்பொருள் இலக்கு மாறாதவரை உச்சத் திறன் குறிப்பிடத்தக்க அளவில் உயர்வதில்லை.

‘டைனோ’ அளவீடுகளைப் படிக்கும் முறை

விற்பனையாளர்கள் காட்டும் திறன் வரைபடங்களில் பல, பானெட் திறந்த நிலையில், முன்னால் பெரிய மின்விசிறி ஓட எடுக்கப்படுபவை. சாலையில் பானெட் மூடியே இருக்கும். ஒரே காரை ஒரே கருவியில் அடுத்தடுத்து சோதித்தாலும் ஓரிரு விழுக்காடு வேறுபாடு வருவது இயல்பு. ஆகவே 2 விழுக்காடு உயர்வு என்ற முடிவு, உண்மையான உயர்வா அளவீட்டு வேறுபாடா என்பதை ஒரே சோதனையால் உறுதி செய்ய இயலாது. மாற்றத்துக்கு முன்னும் பின்னும், ஒரே நாளில், பானெட் மூடி, பலமுறை எடுத்த அளவீடுகளே நம்பத்தக்கவை.

பலர் உணரும் ‘வேகம்’ உண்மையில் ஒலியே. தொழிற்சாலைப் பெட்டியில் உள்ள ஒலியடக்கும் அறைகள் நீக்கப்படுவதால் காற்று உறிஞ்சப்படும் ஓசையும் டர்போவின் சீற்றமும் தெளிவாகக் கேட்கின்றன. அந்த ஒலிக்காகவே வாங்குவது தவறன்று. ஆனால் அதைத் திறன் உயர்வு எனக் கொள்வது பொருந்தாது.

மைலேஜ் கூடுமா?

எரிபொருள் சிக்கனம் கூடும் என்ற விளம்பரத்துக்கு வலுவான அடிப்படை இல்லை. வழக்கமான ஓட்டத்தில் த்ராட்டில் வால்வு பகுதியளவே திறந்திருப்பதால், காற்றுக்கான முதன்மைத் தடை அதுவே, வடிகட்டி அன்று. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009-இல் வெளியிட்ட ஆய்வு, நவீன பெட்ரோல் கார்களில் அடைபட்ட வடிகட்டியை மாற்றினால்கூட மைலேஜ் உயர்வதில்லை, முடுக்கம் மட்டுமே மேம்படுகிறது எனக் கண்டது.

போக்குவரத்து நெரிசல், தூசி, மழை

எஞ்சின் அறைக்குள்ளேயே திறந்த வடிகட்டியைப் பொருத்தும் மலிவான தொகுப்புகள் எதிர்விளைவைத் தரக்கூடும். நெரிசலில் நிற்கும்போது எஞ்சின் அறைக் காற்று 60 டிகிரியை எட்டினால், 35 டிகிரி வெளிக்காற்றைவிட அதன் அடர்த்தி 7 விழுக்காட்டுக்கும் மேல் குறைவு. வெப்பம் கூடினால் எஞ்சினில் ‘நாக்கிங்’ ஏற்படாமலிருக்க ஈசியூ தீப்பொறி நேரத்தைத் தாமதப்படுத்தும்; திறன் மேலும் குறையும். கோடையில் 45 டிகிரியைத் தொடும் வட மற்றும் மத்திய இந்திய நகரங்களில் இது கூடுதல் கவனத்துக்குரியது.

தூசி மிகுந்த சாலைகளில், அதிகக் காற்றை விடும் வடிகட்டி நுண்மணலையும் உள்ளே விட்டால் சிலிண்டர் சுவர்களும் டர்போ இறக்கைகளும் தேயும். எண்ணெய் தடவிய பருத்தி வடிகட்டிகளில் எண்ணெய் மிகையானால், காற்றின் அளவைக் கணிக்கும் சென்சாரில் அது படிந்து தவறான அளவீட்டுக்கு வழிவகுக்கும்.

மிகப் பெரிய இடர் மழைநீர். குளிர்காற்றுக்காக வடிகட்டியை பம்பருக்குள் தாழ்வாகப் பொருத்தும்போது, தேங்கிய நீரை எஞ்சின் உறிஞ்சும் வாய்ப்பு அதிகரிக்கிறது. நீர் அழுத்தத்துக்கு உட்படாததால் கனெக்டிங் ராடு வளைந்து, எஞ்சினே பழுதாகிவிடும். வழக்கமான விரிவான காப்பீட்டில் இத்தகைய தொடர்விளைவுச் சேதம் பொதுவாக அடங்குவதில்லை; எஞ்சின் பாதுகாப்புக்கான கூடுதல் திட்டம் தேவை. மாற்றத்தை அறிவிக்காமல் விட்டால் அதிலும் இழப்பீடு சிக்கலாகலாம்.

சட்டம் சொல்வது என்ன?

மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 52-ஆவது பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டவற்றிலிருந்து மாறுபடும் வகையில் வாகனத்தை மாற்றுவதைத் தடை செய்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. காற்று வடிகட்டி பதிவுச் சான்றிதழில் இடம்பெறும் விவரம் அன்று. எனினும் விதிகள் அனுமதிக்காத மாற்றத்துக்கு 182ஏ பிரிவின்கீழ் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ.5,000 அபராதம் அல்லது இரண்டும் விதிக்க இடமுண்டு. ஒலி, புகை வரம்புகளை மீறுவது தனிக் குற்றமாகும். 2020 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள பிஎஸ்-6 தரநிலை கார்களில், காற்றளவு முரண்பட்டால் எச்சரிக்கை விளக்கு எரியக்கூடும். மாற்றத்தால் விளைந்த பழுதுக்கு உத்தரவாதம் மறுக்கப்படவும் வாய்ப்புண்டு.

யாருக்கு ஏற்றது?

பெரிய டர்போ, மேம்பட்ட இன்டர்கூலர், அதற்கேற்ற ஈசியூ ‘ரீமேப்’ ஆகியவற்றுடன் பந்தயத் தடத்தில் ஓடும் கார்களுக்குத் தொழிற்சாலைக் குழாய் உண்மையிலேயே தடையாக மாறும். அங்கே, மூடிய பெட்டியும் வெளிக்காற்றுத் திறப்பும் கொண்ட தரமான தொகுப்பு பயன்தரும். மாற்றம் ஏதுமின்றி அன்றாடச் சாலையில் ஓடும் காருக்கு, உரிய காலத்தில் மாற்றப்படும் அசல் வடிகட்டி, நல்ல டயர்கள், தயாரிப்பாளர் பரிந்துரைக்கும் ஆக்டேன் அளவுள்ள பெட்ரோல் ஆகியவை அதே பணத்துக்குக் கூடுதல் பலனை அளிக்கும்.