தோட்டா மாறினால் குறி மாறும்

1907-ஆம் ஆண்டு குமாவுன் மலைப்பகுதியில், சம்பாவத் ஊருக்கு அருகே, ஜிம் கார்பெட் காயம்பட்ட ஓர் ஆட்கொல்லிப் பெண்புலியின் முன் வெறுங்கையராய் நின்றார். கொண்டுவந்த மூன்று தோட்டாக்களும் தீர்ந்துவிட்டன. மேட்டில் நின்றிருந்த தாசில்தாரிடம் ஓடி, அவரது துப்பாக்கியைப் பிடுங்கிக்கொண்டு திரும்பினார். புலி நின்ற தொலைவு இருபது அடி. அதன் திறந்த வாயைக் குறிவைத்துச் சுட்டார். குண்டு பட்டதோ வலது முன்பாதத்தில். நல்லவேளையாகப் புலி ஏற்கெனவே இறுதி மூச்சில் இருந்தது. பாதத்தில் தைத்த குண்டைப் பின்னர் நகத்தாலேயே பிடுங்கி எடுத்ததாகக் கார்பெட் எழுதுகிறார்.

நமது வாசிப்புக் கூட்டத்தில் இப்பகுதி படிக்கப்பட்டபோது நண்பர் ஒருவர், "இருபது அடியில் தவறவிடுகிறவர் எப்படிப் பெரிய வேட்டைக்காரர்?" என்று கேட்டார். கூட்டம் சிரித்தது. ஆனால் கார்பெட்டே இரு காரணங்களை முன்வைக்கிறார்: தன் கை அசைந்திருக்கலாம், அல்லது அந்தத் துப்பாக்கி அந்த உருளைக் குண்டை இருபது அடி தூரத்துக்குக்கூட நேராக எறிய வல்லதன்று. இந்த இரண்டாவது காரணத்தின் பின்னே ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது. வேட்டை நூல்களை இலக்கியமாக மட்டும் படித்துப் பழகிய நாம் அதைப் பெரும்பாலும் தாண்டிச் சென்றுவிடுகிறோம்.

குழலை விட்டு வெளியேறும் கணத்திலேயே குண்டு கீழ்நோக்கி விழத் தொடங்குகிறது. கண் பார்ப்பது நேர்க்கோடு. குண்டு செல்வது வளைகோடு. இவ்விரண்டும் ஒரு குறிப்பிட்ட தொலைவில் சந்திக்கும்படி முன்குறியையும் பின்குறியையும் அமைப்பதைத்தான் 'ஜீரோ' செய்வது என்கின்றனர். அக்கால வேட்டை ரைபிள்களின் பின்குறியில் 100, 200, 300 கெஜம் என்று பொறித்த மடிப்புத் தகடுகள் இருக்கும். அந்த எண்கள் ஒரே ஒரு வகைத் தோட்டாவுக்கு மட்டுமே உண்மை.

கார்பெட் பின்னாளில் விரும்பிச் சுமந்த .275 ரிக்பியையே எடுத்துக்கொள்வோம். பெயர் ஆங்கிலப் பெயர். தோட்டா ஜெர்மானியரின் 7 மில்லிமீட்டர் மௌசர். அதன் பழைய குண்டு 173 கிரெயின் எடையுடன் நொடிக்கு ஏறத்தாழ 2,300 அடி வேகத்தில் சென்றது. பின்னர் ரிக்பி நிறுவனம் 140 கிரெயின் எடையுள்ள, கூடுதல் வேகங்கொண்ட குண்டைக் கொண்டுவந்தது. அதன் வேகத்தை நொடிக்கு 2,750 அடி என்று கொண்டு எளிய கணக்கு ஒன்றைப் போட்டுப் பார்த்தோம். நூறு கெஜத்தில் இரண்டும் விழும் அளவில் ஓர் அங்குலம்தான் வேறுபாடு. இருநூறு கெஜத்தில் அது ஏறத்தாழ நான்கு அங்குலமாகிறது. புலியின் நெஞ்சுக்கும் முன்காலுக்கும் இடையே அதைவிடப் பெரிய இடைவெளி இருக்கும் என்று சொல்ல முடியாது.

இது காகிதக் கணக்கு. உண்மையில் குண்டு குழலுக்குள் இருக்கும்போதே பின்னுதை தொடங்கிவிடுகிறது. குழலின் வாய் மேலெழுகிறது, அதிர்கிறது. கனத்த, மெதுவான குண்டு சற்றுத் தாமதித்து வெளியேறுவதால், அதற்குள் குழல்வாய் இன்னும் உயர்ந்திருக்கக்கூடும். ஆகவே அது கீழே படும் என்று எதிர்பார்த்தால் சில துப்பாக்கிகளில் மேலே படுகிறது; சிலவற்றில் பக்கவாட்டிலும் விலகுகிறது. சுட்டுப் பார்த்தாலன்றித் தெரியாது. இன்னொன்று: குறி மாறுவது வேறு, குறி சிதறுவது வேறு. குழலின் உட்புறத்துச் சுருள்வரிகள் குறிப்பிட்ட நீளமுள்ள குண்டைச் சுழற்றுவதற்கென வெட்டப்பட்டவை. பொருந்தாத குண்டு ஐந்து முறை சுட்டால் ஐந்து இடத்தில் படும். குறி மாறினால் தகட்டைத் திருத்தலாம். சிதறலுக்குத் தோட்டாவை மாற்றுவதே வழி.

அரசாங்கங்களே இதை அனுபவித்தன. பிரிட்டிஷ் ராணுவத்தின் .303 தோட்டா 1910-இல் 215 கிரெயின் மழுங்குமுனைக் குண்டிலிருந்து 174 கிரெயின் கூர்முனைக் குண்டுக்கு மாறியது. வேகம் நொடிக்கு 2,060 அடியிலிருந்து 2,440 அடியாக உயர்ந்தது. குழல்களை மாற்ற வேண்டியிருக்கவில்லை. ஆனால் குறித் தகடுகளின் அளவுக்கோடுகள் பொய்யாகிவிட்டன. பழைய துப்பாக்கிகளைத் திரும்பப் பெற்று, குறிகளைத் திருத்தி, அடையாள எழுத்துப் பொறித்து அனுப்பினர்.

ராணுவத்திடம் பட்டறை உண்டு. காட்டிலிருந்த வேட்டைக்காரரிடம் இல்லை. அதிலும் இரட்டைக்குழல் ரைபிள் வைத்திருந்தவர் நிலை பரிதாபமானது. இந்தக் கருவியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

இரு குழல்களும் இணைகோடுகளாக இருக்கும் என்றுதான் நாம் நினைத்திருந்தோம். அவ்வாறு அமைத்தால் இரண்டும் ஓரிடத்தில் சுடா. வலக்குழல் வெடிக்கும்போது துப்பாக்கி மேலேயும் வலப்புறமும் திரும்புகிறது. இடக்குழல் வெடிக்கும்போது இடப்புறம். இந்தத் திருப்பத்தை ஈடுகட்டவே குழல்வாய்கள் ஒன்றையொன்று நோக்கிச் சாய்த்துப் பற்றவைக்கப்படுகின்றன. லண்டனிலும் பர்மிங்காமிலும் இதற்கென்றே கைவினைஞர்கள் இருந்தனர். சுட்டுப் பார்ப்பார்கள், பற்றுப்பொடியைச் சூடேற்றி இளக்கி, நடுவே உள்ள ஆப்பைச் சற்றே நகர்த்துவார்கள், ஆறியபின் மீண்டும் சுடுவார்கள். இரு குழல்களும் ஒரே இடத்தில் படும்வரை இவ்வேலை தொடரும். முடிந்தபின், எந்த அளவு மருந்துக்கும் எந்த எடைக் குண்டுக்கும் அது இசைவிக்கப்பட்டது என்பதைத் துப்பாக்கியிலேயே பொறிப்பார்கள். .470 ரைபிளில் 75 கிரெயின் கார்டைட், 500 கிரெயின் குண்டு என்றிருக்கும். ஏட்டுச் சுவடியின் இறுதியில் படியெடுத்தவர் எழுதிவைக்கும் குறிப்பைப் போன்றது இது. அதைப் பாராமல் பாடத்தை நம்புவது ஆபத்து.

இவ்வாறு இசைவிக்கப்பட்ட ரைபிளில் மெதுவான தோட்டாவை இட்டால், குண்டு வெளியேறுவதற்குள் துப்பாக்கி அதிகம் திரும்பிவிடும். வலக்குழல் வலப்புறமும் இடக்குழல் இடப்புறமும் விரிந்து சுடும். வேகமான தோட்டாவை இட்டால் இரண்டும் குறுக்காகச் செல்லும். பின்குறியைத் திருத்திப் பயனில்லை; ஒரு குழலுக்குச் சரி செய்தால் மற்றது கெடும்.

வேறு தோட்டாவைத் தேடிப் போகவும் வேண்டியதில்லை. அதே தோட்டா வெயிலில் கிடந்தாலே போதும். கார்டைட் என்னும் புகையில்லா மருந்து நைட்ரோகிளிசரினும் வெடிப்பஞ்சும் சிறிதளவு வாசலினும் கலந்து, கயிறுபோல் பிழிந்தெடுக்கப்பட்டது. வெப்பம் கூடக்கூட அதன் அழுத்தமும் கூடும். இங்கிலாந்தின் குளிரில் இசைவிக்கப்பட்ட ரைபிள் மத்திய இந்தியாவின் மே மாதத்தில் வேறொரு கருவியாகிவிடுகிறது. குண்டு வேகமெடுக்கும், வெற்றுக்கூடு குழலில் இறுகி வெளிவர மறுக்கும். அடிபட்ட விலங்கு திரும்பிவரும்போது இந்த இரண்டாவது தொல்லை முதலாவதைவிடக் கொடியது. எனவே வெப்ப நாடுகளுக்கென்று மருந்தைச் சற்றுக் குறைத்த தோட்டாக்களைத் தனியே விற்றனர். அழுத்தம் குறைந்திருக்கவேண்டியே பெரும் வேட்டைத் தோட்டாக்களின் கூடுகள் அத்தனை நீளமாகச் செய்யப்பட்டன. இதே கார்டைட்டை இந்தியாவிலேயே தயாரிக்க 1903-இல் நீலகிரியின் அருவங்காட்டில் தொழிற்சாலை அமைக்கப்பட்டது. ஊட்டி ரயிலில் செல்வோர் அந்த நிலையத்தைக் கடந்திருப்பர்.

வெயில் போதாதென்று சட்டமும் குறுக்கே வந்தது. 1898-இல் ஜான் ரிக்பி வெளியிட்ட .450 நைட்ரோ எக்ஸ்பிரஸ் தோட்டா இந்திய வேட்டையில் பெரும்புகழ் பெற்றிருந்தது. ஆனால் ராணுவத்தின் பழைய மார்ட்டினி-ஹென்றி துப்பாக்கிகளின் வாயளவும் .450 தான். அவற்றுள் பல கிளர்ச்சியாளர் கைக்குப் போயிருந்தன. வேட்டைத் தோட்டாவின் குண்டைப் பிடுங்கி அவற்றில் பயன்படுத்தலாம் என்று அரசு அஞ்சியது. 1907-ஐ ஒட்டி இந்தியாவிலும் சூடானிலும் .450 தோட்டாக்களுக்குத் தடை வந்தது. துப்பாக்கி நிறுவனங்கள் பதறிப்போய் ஆளுக்கொரு மாற்றளவை உருவாக்கின. ஹாலண்ட் அண்ட் ஹாலண்டின் .465, ஜோசப் லாங்கின் .470, வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸின் .476 எல்லாம் இவ்வாறு பிறந்தவையே. ஆனை வேட்டையின் தேவையால் பிறந்தவை என்று இவற்றைப் புகழ்வோர் உண்டு. ஒரு கிளர்ச்சியைப் பற்றிய அச்சமே இவற்றின் தாய் என்பது நம் கருத்து. பழைய .450 வைத்திருந்தவர், இருக்கும் தோட்டாக்களை எண்ணி எண்ணிச் செலவழிக்கலாம். அல்லது புது ரைபிள் வாங்கலாம். கார்பெட்டின் ஜெஃப்ரி இரட்டைக்குழலோ .450/400 என்ற பெயருடையது. பெயரில் 450 இருந்தாலும், கூட்டின் கழுத்தைச் சுருக்கி .400 அளவுக் குண்டைப் பொருத்திய தோட்டா அது, தடைக்குள் வரவில்லை.

கரிமருந்துக் காலத்து ரைபிள்களுக்கு மட்டும் ஒரு கருணை கிடைத்தது. பழைய வேகத்தையும் பழைய அழுத்தத்தையும் ஏறத்தாழ ஒத்துவரும்படி அளவு குறைத்த கார்டைட் தோட்டாக்கள் அவற்றுக்கெனத் தயாரிக்கப்பட்டன. புகை போயிற்று, குறி நின்றது. பாட்டனின் துப்பாக்கியைப் பேரன் எடுத்துச் செல்ல முடிந்தது.

இதையெல்லாம் வெறும் கருவி நுட்பம் என்று ஒதுக்குவோருக்கு ஒன்று சொல்வோம். சம்பாவத் புலியின் வலப்பக்கக் கோரைப் பற்கள், மேலதும் கீழதும், உடைந்திருந்தன. பழைய துப்பாக்கிக் காயம் அது என்றும், இயல்பான இரையைப் பிடிக்க இயலாமல் அது மனிதரை நாடியதற்கு அதுவே காரணம் என்றும் கார்பெட் கருதினார். அப்புலி கொன்றவர்கள் 436 பேர் என்பது அவர் தரும் கணக்கு. யாரோ ஒருவரின் குண்டு சில அங்குலம் விலகியிருக்கிறது. கை நடுங்கியும் இருக்கலாம், தோட்டா பொருந்தாமலும் இருக்கலாம். சுட்டவர் வீடு திரும்பியிருப்பார். விறகுக்கும் புல்லுக்கும் சென்ற பெண்கள் திரும்பவில்லை.

1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோடு இந்தியாவில் அந்த வேட்டை யுகம் முடிந்தது. வெளிநாடுகளில் பழைய இரட்டைக்குழல்களை வைத்திருப்போர் இன்றும் அவற்றைச் சுட்டுப் பார்க்கின்றனர். கார்டைட் தோட்டாக்கள் வழக்கொழிந்துவிட்டதால், இக்கால மருந்தை அரை கிரெயின் கூட்டியும் குறைத்தும் தாமே தோட்டா அடைத்து, காகிதத்தில் இரு குழல்களின் துளைகளும் நெருங்கும்வரை முயல்கின்றனர். அவர்களுக்குத் துணை, நூறாண்டுக்கு முன் ஒருவர் பொறித்துவைத்த அந்த இரண்டு எண்கள்தாம்.