உலான்பாத்தரில் தொடங்கிய கணக்கு

மங்கோலியத் தலைநகர் உலான்பாத்தரில் குளிர்கால இரவுகள் மைனஸ் 30 டிகிரிக்கும் கீழே இறங்கும். நகரைச் சுற்றிய சரிவுகளில் 'கெர்' என்ற வட்டக் கூடாரங்களில் வாழும் குடும்பங்கள் விடிய விடிய அடுப்பில் நிலக்கரி போட்டாக வேண்டும், வேறு வழியில்லை. நகரம் மலைகளுக்கு நடுவே பள்ளத்தில் இருக்கிறது. தரையோடு குளிர்ந்த காற்று தங்கிவிட, அதற்கு மேல் சற்று வெதுவெதுப்பான காற்று மூடி போட்டாற்போல் நிற்கும். புகை போக்கிடம் இல்லாமல் தெருவிலேயே கிடக்கும்.

அந்தப் புகையை ஆராயப் போனவர் கிறிஸ்டா ஹேசன்காஃப் என்ற அமெரிக்க வளிமண்டல அறிவியலாளர். அவரும் மென்பொருள் வல்லுநர் ஜோ ஃபிளாஷரும் அங்கே மங்கோலிய ஆய்வாளர்களோடு சேர்ந்து, ஒரு கருவி அளப்பதைச் சமூக ஊடகத்தில் உடனுக்குடன் வெளியிட்டார்கள். ஊர்க்காரர்கள் அதை ஆவலோடு பார்த்தார்கள். அந்தச் சிறு முயற்சிதான் 2015-இல் 'ஓப்பன்ஏக்யூ' ஆனது. பல நாட்டு அரசு நிலையங்கள் அளக்கும் காற்றுத் தரவை ஒரே இடத்தில் சேர்த்து, யாரும் இலவசமாக எடுத்து ஊரோடு ஊரை ஒப்பிட்டுப் பார்க்க வழி செய்யும் திறந்த மூல மென்பொருள் அது.

பொதுவெளியில் காற்றுக் கணக்கு எவ்வளவு வலிமையானது என்பதை பெய்ஜிங் ஏற்கெனவே காட்டியிருந்தது. அங்குள்ள அமெரிக்கத் தூதரகம் 2008-இலிருந்து தன் கருவியின் அளவை மணிக்கு மணி ட்விட்டரில் போட்டுவந்தது. 2013 ஜனவரி 12 அன்று அது காட்டிய பி.எம். 2.5 எனும் நுண்துகள் அளவு, ஒரு கன மீட்டருக்கு 886 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் அப்போது ஒரு நாளுக்கு வகுத்திருந்த வரம்பு வெறும் 25. சீன அரசும் அந்த மாதத்திலிருந்து 74 நகரங்களின் பி.எம். 2.5 அளவை வெளியிடத் தொடங்கியது.

தூதரகத்தின் அந்தக் கருவியைத் திறந்து பார்த்தால் உள்ளே கண்ணாடி நாரால் ஆன ஒரு நாடாச் சுருள் இருக்கும். நிமிடத்துக்கு 16.7 லிட்டர் காற்றை உறிஞ்சி நாடாவின் ஒரே இடத்தில் செலுத்துவார்கள். துகள்கள் அங்கே படியும். கார்பன்-14 வெளிவிடும் பீட்டா கதிர் அந்தப் படிவைக் கடக்கையில் எவ்வளவு குறைகிறது என்று பார்த்து கருவி எடையைக் கணக்கிடும். மணி முடிந்ததும் நாடா நகரும். அடுத்த பொட்டு விழும். நல்ல நாளில் பொட்டு கண்ணுக்கே தெரியாது. மோசமான நாளில் கருப்பாக இருக்கும். அதே காற்றுதான் நம் நுரையீரலுக்குள்ளும் போகிறது.

இப்படி அளப்பதைவிட, பல நாட்டு அளவுகளை ஓப்பன்ஏக்யூவில் சேர்ப்பது கடினமாக இருந்தது. ஒரு நாடு அட்டவணை போடும், இன்னொன்று வரைபடம் மட்டும் காட்டும். சில தளங்களில் நேற்றைய எண் இன்று இருக்காது. நேரக் கணக்கு ஆளுக்கொன்று, அலகு ஆளுக்கொன்று. ஒவ்வொரு மூலத்துக்கும் தனித்தனி நிரல் எழுத வேண்டும். அரசுத் தளம் தன் வடிவத்தை மாற்றினால் நிரல் நின்றுபோகும். மறுபடி எழுத வேண்டும். இந்தப் பொறுமையான வேலையில் தன்னார்வலர்களும் பங்கெடுத்தார்கள். பாராட்டு கிடைக்காத வேலை அது. ஆனால் மற்ற எல்லாம் அதன்மேல்தான் நிற்கிறது.

ஓப்பன்ஏக்யூ எடுத்த ஒரு முடிவை நான் பெரிதாக மதிக்கிறேன். நாடுகள் வெளியிடும் காற்றுத் தரச் சுட்டெண்ணை விட்டுவிட்டு, மைக்ரோகிராம் போன்ற நேரடி அளவையே அது சேமித்தது. காரணம் எளிது. ஒரு நாள் சராசரியாக 60 மைக்ரோகிராம் பி.எம். 2.5 உள்ள காற்றுக்கு இந்தியச் சுட்டெண் 100 என்று காட்டும், பெயர் 'திருப்திகரம்'. அதே காற்றை அமெரிக்கச் சுட்டெண்ணில் போட்டால் 150-ஐத் தாண்டும். பெயர் 'உடல்நலத்துக்குக் கேடு'. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் தன் நாள் வரம்பை 15 ஆகக் குறைத்துவிட்டது. போதாததற்கு இந்தியச் சுட்டெண் 500-க்கு மேல் போகாது. டெல்லியின் குளிர்காலத்தில் ஒரே நாளில் ஒரு செயலி 490 என்றும் இன்னொன்று ஆயிரத்துக்கு மேல் என்றும் சொல்வது இதனால்தான். நாட்டுக்கு நாடு அளவுகோல் மாறும்போது சுட்டெண்ணை வைத்து நகரங்களை வரிசைப்படுத்துவது தவறு.

மைக்ரோகிராம் கிடைத்துவிட்டாலும் வேலை முடிவதில்லை. சென்னையில் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் ஒரு நிலையம் ஆலந்தூர் பஸ் டிப்போவில் இருக்கிறது. இன்னொன்று வேளச்சேரி குடியிருப்புப் பகுதியில். மற்றொன்று ஆலைகள் சூழ்ந்த மணலியில். இவற்றில் எதை 'சென்னை' என்று எடுத்து வேறொரு நகரத்துப் பூங்கா நிலையத்தோடு ஒப்பிடுவது? மென்பொருள் எண்ணைக் கொடுக்கும். நிலையம் எங்கே நிற்கிறது என்று நாம்தான் பார்க்க வேண்டும்.

2025 மார்ச்சில் அமெரிக்க வெளியுறவுத் துறை, நிதியைக் காரணம் காட்டி, தன் தூதரகக் கருவிகளின் தரவை வெளியிடுவதை நிறுத்தியது. சென்னைத் துணைத் தூதரகம், கொழும்புத் தூதரகம் எல்லாம் அதில் அடக்கம். தூதரகங்கள் அளவை வெளியிட்ட நகரங்களில் பி.எம். 2.5 சராசரியாக 2 முதல் 4 மைக்ரோகிராம் வரை குறைந்தது என்று 2022-இல் வெளியான ஆய்வு ஒன்று சொல்லியிருந்தது. அப்படிப்பட்ட ஒன்றை நிறுத்தியது பெரும் இழப்பு. ஓப்பன்ஏக்யூ முன்பே சேர்த்துவைத்ததால் பழைய அளவுகளாவது பொதுச்சொத்தாக மிஞ்சின.

'உலகின் மோசமான நகரங்கள்' என்று அடுத்த முறை ஒரு பட்டியல் வந்தால், அது எந்த நாட்டு அளவுகோல், எத்தனை மணி நேரச் சராசரி என்று கேளுங்கள். உங்கள் ஊரில் நிலையமே இல்லையென்றால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு எழுதுங்கள். அளவே எடுக்காத ஊர் எந்தப் பட்டியலிலும் வராது; அதனால் அங்கே காற்று நன்றாக இருக்கிறது என்று ஆகிவிடாது.