தேமலும் தொழுநோய் அச்சமும்

மன்னார் நகரின் ஒரு கூறாகிய உப்புக்குளம் தன் பெயரிலேயே உப்பையும் நீரையும் தாங்கி நிற்பது. வெயிலும் வியர்வையும் அன்றாடமாகிய இத்தகைய கடற்கரை ஊர்களில், மார்பிலும் முதுகிலும் தோளிலும் வெளிறிய திட்டுகள் உடையோரைக் காண்பது அரிதன்று. தமிழர் இதனைத் தேமல் என்பர். சிங்களத்தில் வழங்கும் 'அளுஹம்' என்னும் பெயர் சாம்பல் தோல் எனப் பொருள்படும். மேனாட்டு மருத்துவர் கூறும் 'பிற்றிறியாசிசு' என்பது தவிட்டைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லின் அடியாகப் பிறந்தது. நகத்தாற் சுரண்டினால் மெல்லிய செதில்கள் தவிடு போல உதிரும். சாம்பல் என்றோரும் தவிடு என்றோரும் கண்ணாற் கண்டதையே பெயராக்கினர். உயிருக்கு ஊறு செய்யாத இந்நோய், குடும்பங்களை நடுங்கவைத்த மற்றொரு நோயோடு மயங்கியது எவ்வாறு என்பதே ஈண்டு ஆராயப்படுகின்றது.

தேமல் தொடக்கத்தில் இழிவுக்குரிய சொல்லன்று. சங்கப் பாடல்கள் இளமகளிர் மேனியிற் காணும் சுணங்கினை அழகாகவே பாடின. வேங்கை மலரோடு அதனை ஒப்பிட்டன. உரையாசிரியர் சுணங்கிற்குத் தேமல் என்றே பொருள் எழுதினர். புலவர் கண்டதும் மருத்துவர் காண்பதும் ஒன்றே எனத் துணிவது பொருந்தாது. பொன்னிறம் வேறு, வெளிறல் வேறு. எனினும் ஒன்று நோக்கத்தக்கது. தேமலை விளைக்கும் நுண்ணுயிர் தோலின் எண்ணெய்ப் பசையை உண்டு வாழ்வது. அப்பசை பருவமெய்தும் வயதிற் பெருகுவது. மார்பிலும் தோளிலும் மிகுவது. புலவர் சுட்டிய பருவமும் இடமும் இவற்றோடு இயைவதை வியப்பின்றிக் கடந்துபோக என்னால் இயலவில்லை.

இந்நோயை 1801இல் இங்கிலாந்தின் ரொபேட் வில்லன் வகைப்படுத்தினார். 1846இல் யேர்மானியராகிய ஐக்சுரெட், இது பங்கசு ஒன்றால் வருவது எனக் கண்டார். அப்பங்கசு மலசேசியா என்னும் பெயரை 1889இற் பெற்றது. ஆயின் ஆய்வுகூடத்தில் அதனை வளர்ப்பது நெடுங்காலம் கைகூடவில்லை. வளர்ப்பூடகத்திற் கொழுப்புச் சேர்த்தாலன்றி அது வளராது என்பது பின்னரே புலப்பட்டது.

இவ்வரலாற்றில் இலங்கைக்கும் ஓரிடம் உண்டு. 1903இல் இங்கு வந்து 1915 வரை கொழும்பிற் பணியாற்றிய இத்தாலியர் அல்டோ கஸ்ரெல்லானி, பறங்கி நோயின் கிருமியை 1905இற் கண்டவர். அதே ஆண்டில் வெப்ப நாடுகளின் தேமல் வகைகள் பற்றியும் எழுதினார். இங்குள்ளோர் தோலில் மஞ்சளாகவும் வெளிறியும் தோன்றிய தேமலை ஐரோப்பியத் தேமலினின்றும் வேறான நோயாகவே அவர் கொண்டார். அதற்கெனத் தனிப் பங்கசு ஒன்றையும் வகுத்தார். பிற்கால ஆய்வு அப்பிரிவை ஏற்கவில்லை. பங்கசு ஒன்றே, அது படியும் தோலே வேறு. வெண்தோலிற் பழுப்பாகத் தெரியும் திட்டு, கருந்தோலிற் பெரும்பாலும் வெளிறித் தோன்றும். இப்பங்கசு வெளியிடும் அமிலம் தோலின் நிறமியாக்கத்தைத் தடுக்கின்றது என 1978இல் இத்தாலிய ஆய்வாளர் காட்டினர். வெண்தோலை அளவுகோலாகக் கொண்ட நூலறிவு, கூர்த்த மதியினரையும் எவ்வளவு வழி தவறச் செய்யும் என்பதற்கு இஃதோர் எடுத்துக்காட்டு.

வெளிறல் என்னும் இந்நிறமே துயரத்துக்கும் வித்தாயிற்று. தொழுநோயின் தொடக்கமும் பலருக்கு வெளிறிய திட்டே. ஒல்லாந்தர் 1708இல் ஹெந்தளையில் தொழுநோயாளர் இல்லம் அமைத்தனர். பிரித்தானியர் 1901இற் பிறப்பித்த சட்டம் நோயாளரைக் கட்டாயமாகத் தனிமைப்படுத்த இடமளித்தது. மட்டக்களப்பு வாவியிலுள்ள மாந்தீவும் அத்தகைய ஒதுக்கிடமாயிற்று. திட்டு என்றால் தீவு என்று மக்கள் அஞ்சிய காலத்தில், தேமல் உடையவனும் சட்டையால் உடலை மறைத்தான். உண்மையிலேயே தொழுநோய் உடையவனும் மறைத்தான். முன்னவனுக்கு வீண் அவமானம். பின்னவனுக்கோ கையும் காலும் உணர்விழந்து ஊனமாகும் வரை காலம் கழிந்தது. மொழியும் இம்மயக்கத்துக்குத் துணைபோயிற்று. தொழுநோயோடு தொடர்பே இல்லாத நிறமிழப்பை வெண்குட்டம் என்றே வழங்கினோம். வெண்புள்ளி என்னும் திருத்தம் அண்மைக் காலத்தது.

வேறுபாட்டை அறியும் வழி அரிதன்று. தேமலில் செதில் உண்டு, தொடுவுணர்வு குன்றாது. தொழுநோய்த் திட்டில் உணர்வு குன்றும். பஞ்சினால் தொட்டாலும் நோயாளி அறியான். ஐயம் எழின் மருத்துவரை நாடுதலே தக்கது. இலங்கையில் 1983 முதல் வழங்கும் கூட்டு மருந்துச் சிகிச்சை தொழுநோயை முற்றாகக் குணப்படுத்துகின்றது. சிறுவர் கன்னத்திற் காணும் வெள்ளைத் திட்டு இவ்விரண்டும் அன்று. அதனை வயிற்றுப் பூச்சியால் வந்தது என்று தாய்மார் பூச்சி மருந்து கொடுப்பர். அஃது உண்மையில் தோல் வறட்சியைச் சார்ந்தது, வெயிலில் தெளிவாகத் தெரிவது.

தேமலுக்கு நம்மவர் பூவரசங்காயின் மஞ்சட் பாலையும், சீமையகத்தி இலையையும், கந்தகத்தையும் பூசி வந்தனர். சீமையகத்தியிலும் கந்தகத்திலும் பங்கசைத் தடுக்கும் ஆற்றல் உண்மையாகவே உண்டு. இன்று செலேனியம் சல்பைட்டு, கீற்றோகொனசோல் ஆகியன பூச்சாகப் பயன்படுகின்றன. கீற்றோகொனசோல் மாத்திரையை, ஈரலுக்குத் தீங்கு கருதி, 2013இல் ஐரோப்பிய மருந்து முகவரகம் விலக்கப் பரிந்துரைத்தது. எம்மருந்தாயினும் பங்கசு சில வாரங்களில் மடியும். நிறம் திரும்பவோ மாதங்கள் செல்லும். இடைப்பட்ட அம்மாதங்களிலேதான் நோயாளி மருந்து பலிக்கவில்லை என்று கைவிடுகின்றான். சுற்றத்தார் பழைய ஐயத்தை மீண்டும் கிளப்புகின்றனர்.