ஆலும் வேலும்: விருதுநகர் வட்டாரத்தில் பல்குச்சி மரபும் நுண்ணுயிர் எதிர்ப்பு ஆய்வும்

திறவுச்சொற்கள்: பல்குச்சி, கருவேல், சீமைக்கருவேல், வாய்நுண்ணுயிரி, சிவகாசி

முன்னுரை

ஆலும் வேலும் பல்லுக்கு உறுதி என்னும் பழமொழி, மூலிகைச் சாறுகளின் நுண்ணுயிர் எதிர்ப்புத் திறன் பற்றிய ஆய்வுரைகளில் முதற்சான்றாக அடிக்கடி எடுத்தாளப்படுகிறது. நம் முன்னோர் நுண்ணுயிரிகளை அறிந்திருந்தனர் என்று நிறுவவும் சிலர் அதனையே துணைக்கொள்வர். ஆனால் பழமொழி குறிப்பது குச்சியை. ஆய்வகம் சோதிப்பது சாற்றை. இவ்விரண்டுக்கும் இடையிலான தொலைவை விருதுநகர் மாவட்டக் கரிசல் நிலத்தை முன்வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது.

குச்சியின் வரலாறு

பதினெண்கீழ்க்கணக்கு நூல்களுள் ஒன்றான ஆசாரக்கோவையில் பெருவாயின் முள்ளியார், வைகறையில் கோலால் பல் துலக்கிக் கண் கழுவித் தெய்வம் தொழுதலை ஒழுக்கமாக விதிக்கிறார். அங்குப் பல் துலக்கல் தூய்மையைச் சார்ந்தது. நோய் பற்றிய பேச்சு இல்லை. 7ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்தியாவில் தங்கிய சீனத் துறவி யிஜிங், குச்சி பன்னிரண்டு விரல் நீளத்தை மிஞ்சலாகாது என்றும் அதன் முனையை மென்று பல் தேய்க்க வேண்டும் என்றும் குறித்தார். இப்பழக்கத்தால் இந்தியரிடம் பல்வலி அரிது என்பதும் அவர் கூற்று. நாரின் உரசல், ஊறும் உமிழ்நீர், பட்டையின் துவர்ப்பு ஆகியவற்றுள் எது எவ்வளவு உதவியது எனப் பிரித்தறியும் தேவை அம்மரபுக்கு இருக்கவில்லை.

நுண்ணுயிரியின் வரவு

பெர்லினில் பணியாற்றிய அமெரிக்கப் பல் மருத்துவர் டபிள்யூ. டி. மில்லர் 1890இல் வாய்நுண்ணுயிரிகள் குறித்த நூலை வெளியிட்டார். உணவிலுள்ள மாவையும் சர்க்கரையையும் நுண்ணுயிரிகள் அமிலமாக மாற்ற, அவ்வமிலம் பல்லைக் கரைக்கிறது என்பது அவர் கோட்பாடு. 1924இல் கிளார்க், சொத்தைப் பல்லிலிருந்து ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் என்னும் நுண்ணுயிரியைப் பிரித்தெடுத்தார். 1942இல் சலீமுஸ்ஸமான் சித்திகி வேம்பின் கசப்புப் பொருள்களைத் தனித்தெடுத்து அறிவித்தார். மரத்தையும் நுண்ணுயிரியையும் ஒரே சோதனைத் தட்டில் வைத்துப் பார்க்க வழி பிறந்தது இதன் பின்னரே.

நுண்ணுயிரியை அழித்தலும் நோயைத் தடுத்தலும் ஒன்றல்ல. சிவகாசியின் முதன்மைத் தொழில்களுள் ஒன்றான தீப்பெட்டியே இதற்கு எடுத்துக்காட்டு. வெண்பாஸ்பரஸ் ஆவியைச் சுவாசித்த ஐரோப்பியத் தீப்பெட்டித் தொழிலாளர் பலருக்குத் தாடை எலும்பு அழுகியது. சொத்தைப் பல் வழியே அந்நோய் புகுகிறது என அக்கால மருத்துவர் கருதியதால் ஆலைகளில் பற்பரிசோதனையும் நடந்தது. ஆயினும் நோயை ஒழித்தது வாய் மருந்து அன்று, வெண்பாஸ்பரசைக் கைவிட்டதே. இந்தியாவில் 1913ஆம் ஆண்டுச் சட்டம் அதனைத் தடைசெய்தது. பி. ஐய நாடாரும் அ. சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தொழில் கற்றுத் திரும்பிச் சிவகாசியில் தீப்பெட்டித் தொழிலைத் தொடங்கியது அதற்குப் பிறகு, 1923இல். அத்தாடை நோயின் பேரழிவுக் காலத்தை இவ்வட்டாரம் காணாததற்கு இந்தக் கால வரிசையே காரணம்.

பெயரும் மரமும்

பழமொழியின் ‘வேல்’ நாட்டுக் கருவேல், துவர்ப்புமிக்க பட்டையுடையது. சமூகக் காடு வளர்ப்பில் வனத்துறை கண்மாய்களுள் நட்டதும் அதுவே. 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்க நிலப்பகுதியிலிருந்து இந்தியாவுக்கு வந்த சீமைக்கருவேல் வேறு பேரினத்தது. இன்று விருதுநகர்த் தரிசுகளிலும் ஊருணிக் கரைகளிலும் மிகுந்து நிற்பது இம்மரம். 2017இல் சென்னை உயர்நீதிமன்ற மதுரைக் கிளை இதனை அகற்ற ஆணையிடும் அளவுக்கு இது பரவியிருந்தது.

‘கருவேல்’ என்று மட்டும் எழுதிச் செல்லும் ஆய்வுரை எந்த மரத்தைச் சுட்டுகிறது? சீமைக்கருவேலின் இலைச்சாறும் சோதனைத் தட்டில் நுண்ணுயிரிகளைத் தடுக்கக்கூடும். அதில் வீரியமிக்க ஆல்கலாய்டுகள் உள்ளன. ஆனால் அதன் காய்களை மிகுதியாகத் தின்னும் கால்நடைகள் நரம்புப் பாதிப்புக்கு உள்ளாகின்றன. ஆகவே தடுப்பு வளையத்தின் விட்டத்தை மில்லிமீட்டரில் தருவதற்கு முன், தாவரத்தின் இருசொற்பெயர், பறித்த ஊர், பயன்படுத்திய உறுப்பு, கரைப்பான், உலர்தாவரத் தொகுப்பு எண் ஆகியவற்றைப் பதிவது இன்றியமையாதது. எத்தனால் சாற்றுக்குக் கிடைத்த அளவை நீரில் ஊறிய குச்சிக்கு உரியதாக்கும் வழக்கமும் இதே காரணத்தால் ஏற்கத்தக்கதன்று.