ஏரிக்குள்ளே வீடு வந்த கதை



குழுக் கூட்டத்தில் "கடன் எதுக்கும்மா?" என்று கேட்டால் பிள்ளைகள் படிப்பு, கறவை மாடு, தையல் மெஷின் என்று பதில் வரும். கடைசியில் ஒருத்தி தயங்கித் தயங்கிச் சொல்வாள்: "ஒரு மனை வாங்கணும்க்கா. எத்தனை நாளைக்குத்தான் வாடகை வீடு?" நியாயமான ஆசை. ஆனால் அந்த மனை இருக்கிற இடத்தில் முன்னாடி என்ன இருந்தது என்று நாம் கேட்பதில்லை. அதைக் கேட்கப் பழக வேண்டும் என்பதற்காகத்தான் இந்தப் பழைய கதை.

ஏரிக்கு ஒரு வாரியம்

காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன. சுமார் 1,100 வருஷத்துக்கு முந்தியவை. ஊர்ச் சபைக்கு ஆள் எடுப்பது எப்படி என்று அவை விவரமாகச் சொல்கின்றன. பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு, ஒரு சிறுவனை விட்டு எடுப்பார்கள். அப்படி வந்தவர்களில் 6 பேர் ஏரி வாரியம். ஏரியைப் பார்த்துக்கொள்வதுதான் அவர்கள் பொறுப்பு. ஓலையில் பெயர் வர, சொந்த நிலமும் சொந்த மனையில் கட்டிய வீடும் இருக்க வேண்டும். காணி நிலம்கூட இல்லாத நம்மைப் போன்றவர்கள் பெயர் அந்தக் குடத்தில் ஏறியிருக்காது. ஆனாலும் ஏரி, ஊரே கூடிக் காக்க வேண்டிய சொத்து என்கிற எண்ணம் அன்றைக்கே இருந்தது.

ஏரி போனது, நகர் வந்தது

சென்னை தியாகராய நகருக்குத் துணி எடுக்கப் போனவர்கள் நம்மில் பலர் உண்டு. 100 வருஷத்துக்கு முன்னால் அந்தப் பக்கம் பெரிய ஏரி. நுங்கம்பாக்கத்தில் தொடங்கி சைதாப்பேட்டைப் பக்கம் வரை நீளமாகக் கிடந்ததால் வெள்ளைக்காரர்கள் 'லாங் டேங்க்' என்றார்கள். நகரத்தில் ஜனம் பெருகியது, வீடு போதவில்லை. 1920-ல் சென்னை நகரமைப்புச் சட்டம் வந்தது. 1923 வாக்கில் தண்ணீரை வடித்து மனை போடத் தொடங்கினார்கள். நீதிக்கட்சித் தலைவர் பிட்டி தியாகராயர் பெயரை அந்த நகருக்கு வைத்தார்கள். மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு, நுங்கம்பாக்கத்தில் டேங்க் பண்ட் ரோடு என்று பேர் மட்டும் இன்றைக்கும் நிக்குது.

ஏன் ஏரியையே தேடிப் போனார்கள்? தனியார் நிலம் என்றால் பணம் கொடுக்கணும், வழக்கு வரும். ஏரி புறம்போக்கு, அரசாங்கத்தின் கையிலேயே இருக்கிறது. பாசனம் நின்றுபோன ஏரி 'சும்மா கிடக்கிற இடம்' என்று தோன்றியது. பின்னாளில் வீட்டுவசதி வாரியமும் அதே வழியில் போனது. முகப்பேரில் ஒரு குடியிருப்புக்கு 'ஏரி ஸ்கீம்' என்றே பெயர். அதனால் எத்தனையோ குடும்பங்களுக்குக் கூரை கிடைத்தது, இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் ஏரி செய்துகொண்டிருந்த வேலையை, அதாவது மழைநீரைத் தேக்குவதையும் கிணற்றுக்கு ஊற்று கொடுப்பதையும், யார் செய்வது என்று அந்தக் காகிதங்களில் எழுதப்படவில்லை.

2015 டிசம்பர்

தென்சென்னை ஏரிகள் பலவற்றின் உபரிநீர் போய்ச் சேரும் இடம் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம். அதன்மேல் குப்பைக் கிடங்கு, சாலை, கம்பெனிகள், குடியிருப்புகள் எல்லாம் வந்தன. 2007-ல் ஒரு பகுதியைக் காப்புக்காடாக்கினார்கள். 2015 மழையில் வேளச்சேரியும் முடிச்சூரும் மூழ்கியதை டி.வி.யில் பார்த்தோம். 2022-ல்தான் பள்ளிக்கரணை ராம்சார் பட்டியலில் சேர்ந்தது.

இதில் மனசை உறுத்துவது ஒன்று உண்டு. கூவம், அடையாறு ஓரத்தில் இருந்த ஏழைக் குடும்பங்களை வெள்ளத்திலிருந்து காப்பாற்றுகிறோம் என்று பெரும்பாக்கம் அடுக்குமாடிகளுக்குக் கொண்டுபோனார்கள். அதுவும் சதுப்பு நிலத்தை ஒட்டிய தாழ்வான பகுதி, அங்கேயும் தண்ணீர் நிற்கிறது. வீட்டு வேலைக்குப் போகும் பெண்களுக்கு வேலையும் தூரமாகிப் போச்சு.

சட்டம் திரும்பியது

குளத்தை மனையாகப் பிரித்துக் கொடுக்கக் கூடாது என்று 2001-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2007-ல் தமிழ்நாட்டில் ஏரிகளைப் பாதுகாக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் தனிச் சட்டம் வந்தது. 2016-ல், அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்ய உயர் நீதிமன்றம் தடை போட்டது. 'பஞ்சாயத்து அப்ரூவல்' என்ற வார்த்தையை நம்பி வாங்கியவர்கள் அன்றைக்குப் பத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு தவித்தார்கள். அடுத்த வருஷம் வரன்முறைப்படுத்த விதி வந்தது. ஆனால் நீர்நிலையில் இருக்கும் மனைக்கு அந்த விதியிலும் வழி இல்லை.

இப்போது குடம் நம் கையில்

2016 முதல் நம் உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்துக்கு 6 கிராம சபை. அதில் வாக்காளர் எல்லாருக்கும் இடம் உண்டு. நிலம் இருக்கா, வீடு இருக்கா என்று அங்கே யாரும் கேட்பதில்லை.

ஆகவே சகோதரிகளே, மனைக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் சர்வே நம்பரை வாங்குங்கள். வி.ஏ.ஓ.விடம் அ-பதிவேட்டில் அது ஏரியா, ஓடையா, வண்டிப்பாதையா என்று பாருங்கள். டி.டி.சி.பி. அங்கீகார எண்ணைக் கேளுங்கள். அந்த இடத்தில் மழைக்குத் தண்ணி நிக்குமா என்று ஊர்ப் பாட்டியிடம் விசாரியுங்கள். கிராம சபையில் இரண்டையும் சேர்த்தே கேளுங்கள்: வீடில்லாதவருக்கு மேட்டு நிலத்தில் மனை, ஏரிக்கு எல்லைக்கல். ஒன்றைக் கேட்டால் மற்றது கிடைக்காது என்று யாராவது சொன்னால், தீர்மானப் புத்தகத்தில் அதை எழுதச் சொல்லி, கையெழுத்துப் போடுமுன் படித்துப் பாருங்கள்.