பழவேற்காடு: கல்லில் இடம் பெறாத பெயர்கள்

சென்னையிலிருந்து கூடூர் செல்லும் இருப்புப்பாதையில், கும்மிடிப்பூண்டியை அடுத்து வரும் சிறு நிலையம் எளாவூர். அவ்வூருக்குக் கிழக்கே நிலம் தாழ்ந்து, உவர்மண்ணாகி, பழவேற்காடு ஏரியில் கரைந்துவிடுகிறது. இந்திய நாட்டின் உவர்நீர் ஏரிகளுள் சிலிகா ஏரிக்கு அடுத்தபடியாகப் பெரியது இதுவே. ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் இடையே நீண்டு கிடக்கும் ஸ்ரீஹரிகோட்டாவை, விண்கலங்கள் புறப்படும் இடமாக இன்று உலகம் அறியும். நானூறு ஆண்டுகளுக்கு முன் உலகம் அறிந்திருந்ததோ, ஏரியின் தென்முனையில் அமைந்த பழவேற்காட்டைத்தான். ஐரோப்பியர் அதனைப் ‘புலிகாட்’ என்று அழைத்தனர்.

பீரங்கிகள் காத்த பட்டினம்

விசயநகரப் பேரரசின் துறைமுகமாக விளங்கிய இவ்வூருக்கு, பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போர்த்துக்கீசியர் வந்தனர். இங்குள்ள மகிமை மாதா திருத்தலத்தின் தொடக்கம் 1515-ஆம் ஆண்டு என்பது மரபு. அவர்களைப் பின்தொடர்ந்து ஒல்லாந்தர் வந்தனர். 1610-இல் வேங்கடபதி அரசரின் இசைவு பெற்று, அவர்கள் பண்டகசாலை அமைத்தனர். 1612-இல் சாந்தோமிலிருந்து வந்த போர்த்துக்கீசியர் அதனைத் தாக்கி அழித்தனர். மறு ஆண்டே அங்குக் கோட்டை எழுந்தது. ஒல்லாந்தரின் தலைவர் வெம்மர் வான் பெர்கெம் தம் சொந்த மாநிலத்தின் பெயரால் அதற்குக் ‘கெல்டிரியா’ என்று பெயரிட்டார்.

சோழமண்டலக் கரையில் ஒல்லாந்தரின் தலைமையிடமாக இக்கோட்டை 1690 வரை நிலைத்தது. பெருங்கப்பல்கள் ஆழமற்ற ஏரிக்குள் நுழைய இயலாமையால் வெளிக்கடலில் நங்கூரமிட, படகுகளே சரக்குகளை ஏற்றி இறக்கின. நம் நெசவாளரின் துணிகள் கிழக்கிந்தியத் தீவுகளுக்குச் சென்றன; அவற்றுக்கு ஈடாக, சாதிக்காயும் கிராம்பும் வாங்கப்பட்டன. இவ்வூரின் பெயரைத் தாங்கிய கைக்குட்டைகள் கடல் கடந்து புகழ்பெற்றன. இங்கு ஆலையில் செய்த வெடிமருந்து ஒல்லாந்தரின் கப்பற்படைக்குப் பயன்பட்டது.

சென்னை மாநகரின் பிறப்பிலும் இவ்வேரிக்குப் பங்குண்டு. ஒல்லாந்தருடன் இங்கு ஒத்துப்போக இயலாத ஆங்கிலேயர், 1626-இல் ஏரியின் வடபுறத்தே ஆர்மகான் என்னும் இடத்தில் குடியேறினர். அவ்விடமும் நிறைவு தராமையால், அங்குத் தலைவராயிருந்த பிரான்சிஸ் டே 1639-இல் தெற்கே மதராசப்பட்டினத்தைத் தேர்ந்தார்.

சரக்குகளுள் ஒன்றாக மனிதர்

எசேக்கியேல் இறைவாக்கினரின் நூல் 27-ஆம் அதிகாரம், தீர் என்னும் துறைமுக நகருக்காகப் பாடப்படும் புலம்பல். வெள்ளி, இரும்பு, மணிக்கற்கள் என நீளும் அந்நகரின் சரக்குப் பட்டியலில் மனிதரும் இடம்பெறுகின்றனர். பழவேற்காட்டின் சரக்குப் பட்டியலும் அத்தகையதே.

ஒல்லாந்தர் தலைவர் யான் பீட்டர்சூன் கூன் 1621-இல் பாண்டாத் தீவுகளைக் கைப்பற்றியபோது, அத்தீவுகளின் மக்களுள் பெரும்பாலோர் கொல்லப்பட்டனர் அல்லது துரத்தப்பட்டனர். ஆளற்றுப்போன சாதிக்காய்த் தோட்டங்களுக்கும், பத்தாவியாவின் கட்டட வேலைகளுக்கும் உழைக்கும் கைகள் தேவைப்பட்டன. நம் கரையிலோ பஞ்சமும் போரும் மாறி மாறி மக்களை வாட்டின. பசி முற்றிய காலங்களில் பெற்றோர் பிள்ளைகளை விற்றனர். சிலர் தம்மையே விற்றுக்கொண்டனர். தரகர்கள் ஊரூராகச் சென்று ஆள் சேர்த்தனர். அத்தரகர்களுள் நம் நாட்டவரும் இருந்தனர் என்பதை நாம் மறைத்தல் ஆகாது. பீஜப்பூர்ப் படையெடுப்பும் பஞ்சமும் தஞ்சை நாட்டைச் சூறையாடிய 1659 முதல் 1661 வரையிலான ஆண்டுகளில், சோழமண்டலக் கரையிலிருந்து ஆயிரக்கணக்கானோர் கப்பலேற்றப்பட்டனர்.

இக்குற்றத்தை ஒல்லாந்தர்மீது மட்டும் சுமத்திவிட்டு நாம் ஒதுங்கிக்கொள்ள இயலாது. அவர்களுக்கு முன்பே கத்தோலிக்கப் போர்த்துக்கீசியரும் இவ்வணிகத்தில் ஈடுபட்டிருந்தனர். அமெரிக்கப் பூர்வகுடிகளை அடிமைப்படுத்தலாகாது என்று திருத்தந்தை மூன்றாம் பவுல் 1537-இல் அறிவித்திருந்தும், கப்பல்கள் நிற்கவில்லை. ஆலயம் எழுப்பிய கைகளுக்கும் விலங்கு பூட்டிய கைகளுக்கும் இடையே எப்போதும் தெளிவான எல்லைக்கோடு இருந்ததில்லை. இதனை ஏற்பது நம் விசுவாசத்தைக் குலைக்காது, தூய்மைப்படுத்தவே செய்யும்.

யாருக்குக் கல்லறை?

1690-இல் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்கு மாறியதும் பழவேற்காட்டின் ஏற்றம் குறைந்தது. 1781-இல் நாகை ஆங்கிலேயர் வசமாகவே, ஒல்லாந்தரின் தலைமை மீண்டும் இங்கு வந்தது. ஆயினும் பழைய செழிப்பு திரும்பவில்லை. 1825-இல் ஊர் இறுதியாக ஆங்கிலேயரிடம் ஒப்படைக்கப்பட்டது. கோட்டை இன்று புதர் மண்டிய மேடு.

அழியாது நிற்பவை கல்லறைகளே. தொல்லியல் துறையின் காவலில் உள்ள ஒல்லாந்தர் கல்லறைத் தோட்டத்தின் வாயிலில் இரு எலும்புக்கூடுகளின் சிற்பங்கள் காவல் நிற்கின்றன. உள்ளே, அழகிய எழுத்துக்களில் பெயரும் பதவியும் இறந்த நாளும் பொறித்த கற்கள். வணிகர், அதிகாரிகள், அவர்தம் மனைவியர், மழலைகள் ஆகியோரின் பெயர்களை முந்நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின்னும் படிக்க முடிகிறது. ஆனால், இதே கரையிலிருந்து படகேற்றப்பட்ட தமிழரையும் தெலுங்கரையும் குறித்து ஒரு கல்லேனும் உண்டா? கணக்கேடுகளில் அவர்கள் எண்கள், விலைகள்.

2022 திசம்பர் 19-ஆம் நாள், நெதர்லாந்துப் பிரதமர் மார்க் ருட்டே தம் நாட்டின் அடிமை வணிகத்துக்காக மன்னிப்புக் கோரினார். 2023 சூலை முதல் நாள் மன்னர் வில்லெம் அலெக்சாண்டரும் மன்னிப்புக் கோரினார். காலந்தாழ்ந்த சொற்களே ஆயினும், அவை தேவையான சொற்கள்.

எஞ்சியவர்

பேரரசுகள் அகன்றன, மீனவர் எஞ்சினர். கோட்டையின் பெயரைத் தாங்கிய கோட்டைக்குப்பம் முதலிய ஊர்களில் ‘பாடு’ என்னும் முறை வழங்குகிறது. எந்த நாளில் எவர் எந்த இடத்தில் வலை கட்டுவது என்பதை ஊரார் கூடி முறைவைத்துப் பங்கிடும் ஏற்பாடு அது. அதில் இடம் பெறாத எளியோரின் குறைகளும் உண்டு. எனினும், நீர் ஒருவருக்கே உரியதன்று என்ற அறம் அதன் அடியில் உள்ளது. இன்று முகத்துவாரத்தில் மணல் மூடும்போதெல்லாம் ஏரி மூச்சுத் திணறுகிறது, மீன்வளம் குன்றுகிறது. தெற்கே எண்ணூரில் 2001-இல் ஒரு துறைமுகம் திறக்கப்பட்டது. பின்னர் காட்டுப்பள்ளியிலும் ஒன்று எழுந்தது. இவற்றின் பெருமையையும் சரக்கின் எடையால் மட்டும் அளப்போமாயின், பழவேற்காடு தந்த பாடத்தை நாம் கற்கவில்லை என்பதே பொருள்.

மனித மாண்புக்கு எதிரான இழிசெயல்களின் வரிசையில் அடிமைத்தனத்தையும் வைத்துக் கண்டித்தது இரண்டாம் வத்திக்கான் சங்கம். ஆண்டுதோறும் நவம்பர் 2-ஆம் நாள் நம் உற்றாரின் கல்லறைகளில் மெழுகுதிரி ஏற்றுகிறோம். அன்று ஒரு திரியைக் கல்லறையே பெறாத இம்மக்களுக்காகவும் ஏற்றினால் என்ன? அவர்களுடைய பெயர்களை நாம் அறியோம், ஆண்டவர் அறிவார்.